திரும்பப் பெற்ற ஓர் அறிக்கை

ஆய்வகத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிக்கைகளில் ஒன்றே ஒன்றைத் திரும்பப் பெற்றிருக்கிறேன். பணி ஓய்வு நாளன்று என்னைப் பேசச் சொன்னபோது அதைப் பற்றிப் பேசவில்லை. சால்வை போர்த்திய கையோடு அதெல்லாம் பேச வராது. கையுறை போடுவது, நேரத்துக்கு வருவது, ஃப்ரீசர் கதவை ஒழுங்காகச் சாத்துவது என்று எதையோ சொல்லிவிட்டு, சமோசா தின்றுவிட்டு, திருவள்ளூரில் ரயில் ஏறிவிட்டேன். வேப்பம்பட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று உறுத்தியது. அதனால் எழுதுகிறேன்.

நம் பிரிவின் வேலை உங்களுக்குத் தெரியும். நோயாளியின் புற்றுச் செல்களைத் தட்டிலுள்ள சின்னச் சின்னக் குழிகளில் உயிரோடு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை விட்டு, எதில் சாகின்றன, எதில் பிழைக்கின்றன என்று பார்க்கிறோம். கடைசியில் விடும் சாயத்தை உயிரோடிருக்கும் செல்கள் ஊதாவாக மாற்றும். ஊதா அடர்த்தியாக இருந்தால் அந்த மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம். எல்லா டாக்டர்களும் இந்தச் சோதனையை நம்புவதில்லை. நம்புகிறவர்களும் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அவர்கள் திணறும் நேரத்தில்தான் நம்மிடம் அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் நம் காகிதம் சொல்வது அவர்கள் காதில் கொஞ்சம் பெரிதாகவே விழும்.

ஜெயசீலனின் மாதிரி அப்படித்தான் வந்தது. நாற்பத்தெட்டு வயது, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவர். இரைப்பையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, முதல் மருந்தும் ஏற்றி முடிந்து, சில மாதங்கள் வேலைக்குக்கூடப் போயிருக்கிறார். பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. நோய் வயிற்றுக்குள் பரவி நீர் சேர்ந்துவிட்டது. ஆள் பாதியாகிவிட்டார். இன்னொரு மருந்தை இந்த உடம்பு தாங்குமா, தாங்கினாலும் பலன் உண்டா என்று டாக்டருக்குத் தயக்கம். வயிற்றிலிருந்து எடுத்த நீரை அனுப்பி, நான்கு மருந்துகளின் பெயரை எழுதி, எது கேட்கும் என்று பார்க்கச் சொல்லியிருந்தார்.

இந்தக் கதையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பாட்டிலில் ஒட்டியிருந்த எண் மட்டும்தான்.

அறிக்கை தர வேண்டிய வியாழக்கிழமை காலையில் டாக்டர் மூன்று முறை போன் செய்தார். “மேடம், ஃபேமிலி வெளியில உக்காந்திருக்காங்க. இன்னைக்கு அவங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்” என்றார் மூன்றாவது முறை.

ஊதாவின் அடர்த்தியை அளக்கும் கருவி எண்களைத் தந்தது. நான்கு மருந்துக்கும் அடர்த்தியான ஊதா. மருந்தே விடாத குழிக்கும் மருந்து விட்ட குழிக்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று குழிகள் வைத்திருந்தோம். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அவ்வளவு அழகான எண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குழிக்குக் குழி முரண்டு பிடித்திருந்தால் நின்று யோசித்திருப்பேன்.

சாயம் விடுவதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு குழியையும் படம் எடுத்து வைத்திருந்தோம். கையெழுத்துக்கு முன் அந்தப் படங்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். அன்று நான் திறக்கவில்லை. ‘நான்கு மருந்துகளுக்கும் எதிர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்புறம் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, பழைய மாதிரிகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஜெயசீலன் மாதிரியில் மிஞ்சிய செல்கள் ஒரு குடுவையில் இருந்தன. கொட்டுமுன் சும்மா ஒரு தரம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். செல்கள் குடுவையின் தரை முழுக்க வளர்ந்து மூடியிருந்தன. இவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது, அது ஏன் என்று கேட்காதீர்கள், நம் வேலை அப்படி. பிறகுதான் வடிவம் கண்ணில் பட்டது. இரைப்பைப் புற்றுச் செல்கள் உருண்டையாக, கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இவை ஒல்லியாக, நீளமாக, எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, காற்றடித்த நாற்றங்கால் மாதிரி. இவை புற்றுச் செல்களே இல்லை. உறுப்புகளைப் பிடித்து வைக்கிற, புண் ஆற உதவுகிற சாதாரணச் செல்கள். எல்லோர் உடம்பிலும் இருப்பவை. இந்த மருந்துகளுக்கு இவை லேசில் சாகாது.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒன்பது நாளாகத் திறக்காத படங்களைத் திறந்தேன். குழிக்குக் குழி அதே நாற்றங்கால். சில குழிகளில் அவற்றுக்கிடையே சுருங்கிப்போன சில உருண்டைகள். மருந்தில் செத்த புற்றுச் செல்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்து கேட்கும் என்றும் சொல்ல முடியாது, கேட்காது என்றும் சொல்ல முடியாது. நான் எழுதிக் கொடுத்ததோ, கேட்கவே கேட்காது என்று.

அப்போதைய இயக்குநர் பக்கத்து அறையில் இருந்தார். நல்ல மனிதர். படங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அந்த ஃப்ளூயிட் மிச்சம் இருக்கா?”

“இல்ல சார். முழுசும் போட்டாச்சு.”

“அப்ப திரும்ப சாம்பிள் வாங்கி, சரியா பண்ணி, புது ரிப்போர்ட்டையும் சேர்த்துக் குடுத்து இதை வாபஸ் வாங்கலாம். வெறுங்கையோட போய் எங்க ரிப்போர்ட் தப்புன்னு சொன்னா, இனிமே யாரு நம்மகிட்ட அனுப்புவாங்க?”

“திரும்ப சாம்பிள் கேக்கணும்னா ஏன்னு காரணம் சொல்லணுமே சார்.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கும் என்னைப் போலவே பயம். அப்புறம், “டாக்டருக்கு இப்பவே போன் பண்ணுங்க. லெட்டர் அடிச்சுக் கொண்டாங்க, நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

டாக்டர் நான் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார்.

“அன்னைக்கே அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன் மேடம்,” என்றார். “வலி இல்லாம பாத்துக்குங்கன்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தேன்.” குரலில் கோபம் இருந்தது. பிறகு அது வேறு மாதிரி ஆனது. “உங்களை மட்டும் சொல்லக் கூடாது. எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு. உங்க பேப்பர் வந்ததும் எனக்கு சொல்றது ஈஸியாயிடுச்சு.”

போனை வைத்துவிட்டு, ஜெயசீலன் வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பார்த்து, என்னைத் திரும்பக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப். “இந்நேரம் தண்ணி மறுபடி சேர்ந்திருக்கும். இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா, எந்த மருந்தும் குடுக்கற நிலைமையில இருக்க மாட்டாரு. திங்கக்கிழமை ஹாஸ்பிடல் ஆளை அனுப்பிப் பாக்கறேன்.”

“விலாசம் குடுங்க டாக்டர். நாளைக்கே நான் போய்ச் சொல்றேன்.”

தயங்கிவிட்டுக் கொடுத்தார். “நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. வந்தா க்யூவில நிக்க வேணாம், நேரா என் ரூமுக்கு வரச் சொல்லுங்க.”

நீங்களும் இப்படிக் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வக ஆள் நோயாளி வீட்டுக்குப் போவது வழக்கம் இல்லை, பல சமயம் சரியும் இல்லை. டாக்டர் சம்மதித்திருக்காவிட்டால் நானும் போயிருக்கக் கூடாது. திங்கள்வரை காத்திருந்தால் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது என்பதும் ஒரு காரணம்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அது ஆடி ஞாயிறு, பெரியபாளையம் அம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும் நாள் என்பதை மறந்துவிட்டேன். திருவள்ளூரிலிருந்து பஸ் பெரியபாளையத்தை நெருங்கும் முன்பே நின்றுவிட்டது. முன்னால் வேன்களும் டிராக்டர்களும், வேப்பிலை கட்டிய பெண்களும், பொங்கல் பானைகளும். இறங்கிக் கூட்டத்தோடு நடந்தேன். கோயிலைத் தாண்டி, கவரைப்பேட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, ஜெயசீலனின் ஊருக்குள் நுழைந்தபோது மதியம் பன்னிரண்டரை.

வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்புகள். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சர்ச் முடிந்ததும் எல்லோரும் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். கதவோரம் நின்றேன். ஒரு பெரியவரின் குரல் கேட்டது. “ஆண்டவரே, உம்முடைய பிள்ளையை வேதனை இல்லாமல் சமாதானமாய் உம்மிடத்தில் சேர்த்துக்கொள்ளும்.” மற்றவர்கள் ஆமென் என்றார்கள்.

நான் எழுதிய ஒரு வரிதான் அந்த ஜெபமாகியிருந்தது. உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. வெயிலில் நின்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் வெளியே வந்தார். ஜெயசீலனின் மனைவி எஸ்தர். கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. நான் யார் என்று சொன்னேன். டாக்டர் அனுப்பினார் என்றேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். ஜெயசீலன் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். வயிறு மட்டும் பெரிதாக, கை கால்கள் குச்சியாக. பிளஸ் டூ படிக்கும் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

பஸ்ஸில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை. “உங்க தண்ணிய டெஸ்ட் பண்ணி எந்த மருந்தும் கேக்காதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். அது தப்பு. நான் சரியா பாக்காம எழுதிட்டேன். அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றேன்.

எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா மேடம் சொல்றீங்க? அப்ப மருந்து கேக்குமா?”

“தெரியாதும்மா. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். திரும்ப டெஸ்ட் பண்ணாத்தான் ஏதாவது சொல்ல முடியும். அப்பவும் உறுதியா சொல்ல முடியாது.”

“தெரியாதா?” அவர் குரல் உயர்ந்தது. “பத்து நாளா நான் இன்னா பண்ணிக்கினு இருக்கேன் தெரியுமா மேடம்? தோ, இதுகிட்ட அப்பா இருக்க மாட்டாருன்னு சொல்லிட்டேன். நானே வாயத் தொறந்து சொன்னேன். சொல்லிட்டு நைட்டெல்லாம் அதைக் கட்டிப் புடிச்சுக்கினு படுத்திருந்தேன். நீங்க இப்ப வந்து, பேப்பரை வாபஸ் வாங்கிக்கிறேன்றீங்க. நான் சொன்னதை எப்படி வாபஸ் வாங்கறது?”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அதற்கும் அவர்தான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதனால் சும்மா இருந்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “எஸ்தரு, கொஞ்சம் இரு.” ஜெயசீலன் என் பக்கம் திரும்பினார். “தெரியாதுன்னு சொல்லவா மேடம் ஆடிக் கூட்டத்துல இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“ஆமா.”

சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்து, அதைக் கையால் பிடித்துக்கொண்டார். “எங்க ஷெட்டுல கிரேனுக்கு லோடு காட்ற மீட்டரு இருக்குது. ஒரு தபா அது புட்டுக்கிச்சு. எவ்ளோ தூக்கினாலும் ஒரே நம்பரு காட்டுது. மேல உக்காந்துக்கினு இருக்கறவனுக்குத் தெரியாது. கீழ இருந்து ஒருத்தன் பாத்துட்டு ஓடியாந்து கத்துனான். இன்னா வெயிட்டுன்னு அவனுக்கும் தெரியாது. மீட்டரு பொய் சொல்லுதுன்னு மட்டும்தான் தெரியும். அன்னிக்கு நான் லோடைக் கீழ இறக்கிட்டேன்.” மூச்சு வாங்கினார். “மருந்து போட்டா திரும்ப வாந்தி வருமா?”

“வரும்.”

“முடி போவுமா?”

“போகலாம்.”

“அது போனாப் போவுது, இருக்கறதே நாலு.” மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். “இன்னா சொல்ற எஸ்தரு?”

“நான் இன்னா சொல்றது? திரும்ப ஆசை காட்டி திரும்பக் கை விரிச்சாங்கன்னா நான் தாங்க மாட்டேன். நீ தாங்குவ. நான் தாங்க மாட்டேன்.”

“ஆசையெல்லாம் வேணாம். தண்ணிய எடுத்தா மூச்சாவது நல்லா உடலாம். அதுக்குப் போவலாம். மீதி அப்பால பாத்துக்கலாம்.”

எஸ்தர் எழுந்து அலமாரியில் வைத்திருந்த செல்போனை எடுத்து ஆன் செய்தார். என்னிடம் நீட்டி, “டாக்டர்கிட்ட நீங்களே பேசுங்க. எனக்கு அழுகாச்சி வருது” என்றார்.

திங்கள் காலை ஜெயசீலன் மருத்துவமனையில் இருந்தார். மதியம் அவருடைய வயிற்று நீர் புதிதாக நம் ஆய்வகத்துக்கு வந்தது. இந்த முறை அதைச் சில மணி நேரம் அகலத் தட்டில் விட்டுவைத்தோம். அந்த நீளச் செல்கள் சீக்கிரம் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிதப்பவற்றைத்தான் சோதனைக்கு எடுத்தோம். எடுத்தது புற்றுச் செல்தானா என்று வேறு விதமாகவும் சரிபார்த்தோம். தினமும் காலையும் மாலையும் நானே ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். அந்த நாட்களில் டாக்டர் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

நாலில் மூன்று மருந்துகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்றில் பாதிக்கு மேல் செல்கள் செத்திருந்தன. கொண்டாடும்படியான முடிவு இல்லை. பார்த்ததை எழுதினேன். எவ்வளவு செல்கள் கிடைத்தன, எதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் அதே அளவு எழுத்தில் கீழே எழுதினேன். டாக்டர் முழுவதும் படித்துவிட்டு, “தட்டு வேற, உடம்பு வேற. ஆனா ஒரு தடவை போட்டுப் பாக்கலாம். அளவைக் குறைச்சுத் தரேன்” என்றார்.

அந்த மருந்து கேட்டது. முழுதாக இல்லை. வாந்தி வந்தது, இருந்த நாலு முடியும் போனது, நடுவில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தார். ஆனால் நீர் சேர்வது மெல்ல மெல்லக் குறைந்தது. இரண்டாவது மாதம் இட்லி சாப்பிட்டார் என்று டாக்டர் போனில் சொன்னார். ஒரு நோயாளி இட்லி சாப்பிட்டதை ஒரு டாக்டர் ஆய்வகத்துக்குப் போன் செய்து சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒரு தரம்தான். எட்டு மாதம் ஓரளவு தேறி இருந்தார். பிறகு நோய் மறுபடி கிளம்பியது. இந்த முறை போதும் என்று அவரே சொல்லிவிட்டாராம்.

அந்த எட்டு மாதம் என்னால் கிடைத்ததில்லை. நான் குறுக்கே வைத்த ஒன்றை எடுத்தேன், அவ்வளவுதான். முதல் வியாழக்கிழமையே படங்களைத் திறந்திருந்தால் பத்து நாள் முன்னால் ஆரம்பித்திருப்பார்கள், அந்த மகளும் அந்த ராத்திரிகளைப் பார்த்திருக்க மாட்டாள். அப்போது மருந்து இன்னும் நன்றாகக் கேட்டிருக்குமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியாது. நீங்களும் ஒரு நாள் தவறு செய்வீர்கள். அப்போது கையில் வேறு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று தோன்றும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். நாம் அதைத் தயாரிக்கிற நாட்களில் ஒருவர் தலையணையில் சாய்ந்து, நாம் எழுதியதை நம்பிக்கொண்டு கிடப்பார்.

ஜெயசீலன் இறந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு காலை, யாரோ பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். கேட்டுக்குப் போனேன். எஸ்தர் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ தூரம் நீங்களே ஓட்டிக்கினா வந்தீங்க?” என்று என்னையறியாமல் அவர் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்.

“அவருதான் கத்துக் குடுத்தாரு. ஒரு ஆறு மாசமா. பின்னாடி உக்காந்துக்கினு, பிரேக்கைப் புடி, பிரேக்கைப் புடின்னு ஒரே கத்து. நாலு தபா உழுந்தோம். ஷிப்ட்டுக்குப் போக எவனையும் எதிர்பாக்கக் கூடாது நீன்னு சொல்லிக்கினே இருந்தாரு.” முழங்கையில் ஆறிப்போன சிராய்ப்பைக் காட்டினார். “பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. அதைச் சொல்லலாம்னு வந்தேன்.”

உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னேன். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். ஹெல்மெட்டை மாட்டப்போனவர் நின்றார்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பத்து நாளை நெனச்சா உங்க மேல எனக்குக் கோவம் இன்னும் போவல.”

“போக வேணாம்மா,” என்றேன்.

தலையாட்டினார். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார். ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஓரமாக நின்று பொறுமையாகப் பார்த்து, கிடைத்த இடைவெளியில் நுழைந்து, இண்டிகேட்டர் போட மறந்து, வலப்பக்கம் திரும்பிப் போனார்.